மஞ்சளா, கறுப்பா, மூன்று நிறமா?

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற முடிவு செய்தவருக்கு முதல் கவலை அவற்றை ஓட்டும் டெக். உறவினர் வீட்டுப் பரணிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ அது கிடைத்துவிட்டால் அடுத்த கவலை வயர். சென்னை ரிச்சி தெருவில் போய் “ஏ.வி. வயர்” என்று கேட்டால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் ஒன்று கைக்கு வரும். “இதைவிட நல்லதா இருக்கா?” என்று கேட்டால் அதே வயர் கொஞ்சம் தடிமனாக, பொன்முலாம் பூசிய முனைகளோடு, பல மடங்கு விலையில் வரும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டதைக் கொடுத்தார்; கேட்ட கேள்விதான் பிசகு. அனலாக் வீடியோவில் வயர் எவ்வளவு உசத்தி என்பதைவிட அது எந்த வகை என்பதே முக்கியம். அந்த வகையையும் கடையில் நின்று தீர்மானிக்க முடியாது. கையிலுள்ள பதிவுதான் தீர்மானிக்கிறது. படத்தின் வெளிச்சமும் வண்ணமும் அந்தப் பதிவில் இன்னும் தனித்தனியாக இருக்கின்றனவா, கலந்துவிட்டனவா? தனியாக இருந்தால் அவற்றைத் தனியாகவே கொண்டுவரும் வயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கலந்துவிட்டிருந்தால் எந்த வயரும் பிரித்துத் தராது. சாதாரண மஞ்சள் வயரே போதும். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விதியின் விரிவுதான்.

வெளிச்சத்தையும் வண்ணத்தையும் முதலில் எதற்காகக் கலந்தார்கள் என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அமெரிக்காவில் 1953 டிசம்பரில் வண்ணத் தொலைக்காட்சிக்கான என்.டி.எஸ்.சி. முறை ஏற்கப்பட்டபோது கோடிக்கணக்கான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. புதிய ஒளிபரப்பு அந்தப் பெட்டிகளிலும் தெரிய வேண்டும். வானில் கூடுதல் இடமும் பிடிக்கக் கூடாது. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உரிய அலைவரிசையின் மேல்கோடியிலேயே வண்ணத்தை ஒரு துணை அலையாகச் சொருகினார்கள். ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் 1960களில் உருவாக்கிய பால் முறையும் இதே உத்தியைத்தான் செம்மைப்படுத்தியது. அதில் வண்ணம் உட்கார்ந்திருக்கும் இடம் 4.43 மெகாஹெர்ட்ஸ். இந்தியா 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் பால் முறையே. வண்ண ஒளிபரப்பு வந்த பிறகும் டயனோரா, சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீடுகளில் வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருந்ததற்கு இந்தக் கலப்புதான் காரணம். ஆக, கலப்பு என்பது வானில் இடம் போதாததால் செய்துகொண்ட சமரசம். வயருக்கு அந்த நெருக்கடி கிடையாது. இரண்டு தகவல் இருந்தால் இரண்டு கம்பி போட்டுவிடலாம். ஆனால் ஒளிபரப்புக்காகக் கலந்த அதே சரக்கை அப்படியே ஒற்றை வயரில் விட்டதுதான் காம்போசிட் என்னும் மஞ்சள் முனை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை ஒன்று டி.வி.க்குள் இருக்கும், அது பிரித்துக்கொள்ளும் என்று நம்பி விட்டார்கள். (முறையின் பெயரும் பால் என்று அமைந்தது தற்செயல்.)

அந்த அன்னம் பல வேளைகளில் தடுமாறும். பால் முறையில் ஒரு கோட்டை வரைய எடுத்துக்கொள்ளும் நேரம், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும், 52 மைக்ரோவினாடி. 4.43 மெகாஹெர்ட்ஸ் என்பது அந்த நேரத்துக்குள் சுமார் 230 முறை ஏறி இறங்கும். ஆக, திரையின் அகலத்தில் 230 கறுப்பு-வெள்ளைக் கோட்டு ஜோடிகள் விழும் அளவுக்கு நெருக்கமான எதையும் — மெல்லிய கோடு போட்ட சட்டை, தூரத்தில் தெரியும் ஜன்னல் கம்பிகள், சரிகைக் கரை — டி.வி. வண்ணம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டையில் வானவில் நெளிவது அதனால்தான். மறுபக்கமாகவும் பிழை நேரும். வண்ணத்தின் அலையை வெளிச்சம் என்று நினைத்துவிட்டால், அழுத்தமான சிவப்பும் பச்சையும் சந்திக்கும் விளிம்பில் சின்னஞ்சிறு புள்ளிகள் எறும்பு வரிசைபோல ஊரும். பின்னாளில் வந்த டி.வி.களிலும் கணினியோடு இணைக்கும் கேப்ச்சர் கருவிகளிலும் இருக்கும் கோம்ப் ஃபில்டர் என்ற சுற்று இந்தப் பிழைகளைக் கணிசமாகக் குறைத்தது. முழுதாகத் துடைக்கவில்லை, துடைக்கவும் முடியாது. ஒரே இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு யார் எவர் என்று ஊகிக்கத்தான் முடியும்.

இனி வகைகள். ஆன்டெனா வயர் வழியாக வரும் ஆர்.எஃப். இணைப்பு எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. அதில் காம்போசிட் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு டி.வி. சேனலாகவே மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி பிரிக்கிறார்கள். இரண்டு மாற்றமும் வீண் வேலை. டெக்கில் மஞ்சள் சாக்கெட் இருக்கும்வரை இதைத் தொட வேண்டாம். அதற்கு மேலே காம்போசிட். அதற்கும் மேலே எஸ்-வீடியோ: நான்கு ஊசிகள் கொண்ட, கறுப்பான சின்ன வட்ட முனை. வெளிச்சத்துக்கு ஒரு கம்பி, வண்ணத்துக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் தனித்தனி எர்த். அவ்வளவே அதன் ரகசியம். ஜே.வி.சி. நிறுவனம் 1987-இல் எஸ்-வி.ஹெச்.எஸ். டெக்குகளைக் கொண்டுவந்தபோது இந்த முனை பரவலானது. இன்னும் மேலே காம்போனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள். பச்சையில் வெளிச்சம், மற்ற இரண்டில் வண்ணத்தின் இரு கூறுகள். இங்கே துணை அலை என்ற ஒன்றே கிடையாது, ஆகவே பிரிக்க வேண்டிய கலப்பும் இல்லை. ஐரோப்பியப் பெட்டிகளில் 21 முனை கொண்ட ஸ்கார்ட் வழியாகவும், கணினித் திரைகளில் ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த 15 ஊசி வி.ஜி.ஏ. வழியாகவும் போகும் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக), தரத்தில் காம்போனென்ட்டுக்குச் சமம். இரண்டில் எது உசத்தி என்ற வாதம் டீக்கடைக்கு நல்லது.

இந்த வரிசையைப் பார்த்தவுடன், மேலே உள்ளதையே எப்போதும் வாங்கிவிடலாமே என்று தோன்றும். பல வழிகாட்டிகள் சொல்வதும் அதுதான். அங்கேதான் நம் விதி குறுக்கே நிற்கிறது. லேசர்டிஸ்க் என்ற பெரிய வட்டத் தட்டு ஒன்று இருந்தது. 1978-இல் விற்பனைக்கு வந்தது. அதில் படம் தட்டிலேயே காம்போசிட்டாக, கலந்த நிலையில், பதிவாகியிருக்கும். பிற்காலத்து லேசர்டிஸ்க் பிளேயர்கள் சிலவற்றில் எஸ்-வீடியோ சாக்கெட்டும் இருந்தது. அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? கலந்ததைப் பிரிக்கும் வேலையை டி.வி.க்குப் பதில் பிளேயர் செய்யும். பிளேயரின் ஃபில்டர் டி.வி.யுடையதைவிட மட்டமானது என்றால் எஸ்-வீடியோவில் படம் மோசமாகும், மஞ்சள் வயரில் நன்றாக இருக்கும். மேல்படி வயர் கீழ்ப்படி வயரிடம் தோற்கும் இந்த ஒரு காட்சி போதும், தரவரிசை என்பது பாதி உண்மை என்று காட்ட.

நம் பரணில் கிடப்பது பெரும்பாலும் வி.ஹெச்.எஸ். ஆகவே அங்கே கொஞ்சம் நிதானிப்போம். வி.ஹெச்.எஸ். டேப்பில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே தடத்தில் எழுதப்பட்டாலும் இடம் வேறு வேறு. பால் முறையில் வெளிச்சம் 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை ஊசலாடும் அலையாகவும், வண்ணம் கீழே இறக்கப்பட்டு 627 கிலோஹெர்ட்ஸ் அருகிலும் உட்கார்ந்திருக்கும். அதாவது டேப்பில் இரண்டும் தனித்தனி. சாதாரண டெக் அவற்றைப் படித்து, கடைசிப் படியில் ஒன்றாகக் கலந்து மஞ்சள் சாக்கெட் வழியே வெளியே தள்ளுகிறது. விதியின்படி இது அநியாயம். எஸ்-வீடியோ சாக்கெட் உள்ள டெக்கைத் தேடி ஓட வேண்டும் என்றே தோன்றும். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். வி.ஹெச்.எஸ். தரும் வெளிச்சத் தகவல் சுமார் 3 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 240 கோடு என்று கடைகளில் சொல்வது இதைத்தான். வண்ணம் 4.43-ஐச் சுற்றி அரை மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பரவியிருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே யாரும் இல்லாத காலி இடம். இருவரும் வயரில் ஒன்றாகப் பயணம் செய்தாலும் ஒருவர்மேல் ஒருவர் உட்காரவில்லை. சாதாரண ஃபில்டரே அலுங்காமல் பிரித்துவிடும். சட்டையில் வானவில் உண்டாக்கும் அந்த 230 கோட்டு ஜோடி நுணுக்கம் வி.ஹெச்.எஸ். டேப்பில் பதிவாகவே இல்லை. ஆகவே சாதாரண வி.ஹெச்.எஸ். கேசட்டுக்கும் சாதாரண டெக்குக்கும் மஞ்சள் வயரே சரியான தேர்வு. பணம் இல்லாதவருக்கான சமாதானம் இல்லை இது. கணக்கே அப்படித்தான் வருகிறது.

எஸ்-வி.ஹெச்.எஸ். டெக்கில் போட்டு எஸ்-வீடியோவில் எடுத்தால் அதே கேசட் தெளிவாகத் தெரிகிறதே என்று அனுபவப்பட்டவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். தெரிவது உண்மை. ஆனால் அங்கே மாறியது வயர் மட்டுமா? டெக்கே மாறிவிட்டது. எஸ்-வி.ஹெச்.எஸ். டெக்குகள் பொதுவாக உயர்ரகமானவை; சிலவற்றில் டைம் பேஸ் கரெக்டர் என்ற சுற்று இருக்கும். டேப் ஓடும் வேகம் நொடிக்கு நொடி நுட்பமாக ஏறி இறங்குவதால் கதவு நிலையும் தூணும் நெளிந்து தெரியும் அல்லவா, அதை நிமிர்த்தி வைப்பது அந்தச் சுற்று. கிடைத்த தெளிவில் பெரும்பங்கு அதன் புண்ணியம். அப்படிப்பட்ட டெக் இரவல் கிடைத்தால் தாராளமாக வாங்கி, அதிலுள்ள எஸ்-வீடியோவையே பயன்படுத்துங்கள். ஆனால் மஞ்சள் சாக்கெட்டில் செருகினால் எஸ்-வீடியோ ஆகிவிடும் என்று விற்கப்படும் சின்ன அடாப்டரை வாங்காதீர்கள். கலந்து வெளியே வந்ததை ஒரு பிளாஸ்டிக் துண்டு பிரித்துவிடாது. எதிர்த்திசை அடாப்டர், அதாவது எஸ்-வீடியோவை மஞ்சளாக்குவது, வேலை செய்யும். உள்ளே ஒரு கெபாசிட்டரை வைத்துத் தனியாக வந்த இரண்டையும் இணைத்துவிடும். பால் வேறு, நீர் வேறாக வந்ததை வாசலில் கலந்து உள்ளே எடுத்துப் போகும் வேலை அது.

திருமணக் கேசட்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வீட்டில் கிடைக்கும் கேசட் கேமராவில் ஓடிய கேசட்டாக இருப்பது அரிது. மண்டபத்தில் எடுத்ததை ஸ்டூடியோவில் மிக்ஸிங் செய்து, பூ விரிவது போலவும் இதயம் துடிப்பது போலவும் எஃபெக்ட் போட்டு, டைட்டில் சேர்த்து, பிறகு பெண் வீட்டுக்கு ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று பிரதி எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பிரதியும் முந்தையதைவிட ஒரு படி மங்கல். வண்ணம் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து குங்குமம் நெற்றிக்கு வெளியே கசியும். அந்தப் பிரதிகளுக்கு நடுவே கலப்பும் பிரிப்பும் பலமுறை நடந்து முடிந்துவிட்டன. இந்த நிலையில் வயர் வகையைப் பற்றி அலசுவதைவிட, சம்பந்தி வீட்டில் ஒரு தலைமுறை முந்தைய பிரதி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்பது படத்துக்கு அதிக நன்மை செய்யும்.

எஸ்-வீடியோ நிஜமாகவே அவசியமாகும் இடம் எஸ்-வி.ஹெச்.எஸ். பதிவும், 1989-இல் வந்த ஹை-8 பதிவும். இவற்றின் வெளிச்சத் தகவல் 400 கோடு அளவுக்கு, அதாவது 5 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. மஞ்சள் வயரில் அனுப்பினால் 4.43-இல் உட்கார்ந்திருக்கும் வண்ணத்தோடு நேராக மோதும். டேப்பில் தனித்தனியாகக் காப்பாற்றி வைத்ததைக் கடைசி இரண்டு மீட்டரில் கலந்து கெடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த கையடக்கக் கேமராக்களில் ஹை-8 நிறைய இருந்தன. கேசட்டின் மீதே அந்த முத்திரை இருக்கும். கேமராவின் பக்கவாட்டில் எஸ்-வீடியோ சாக்கெட்டும் இருக்கும். அந்த வயர் வாங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அதில் ஒலி வராது. வெள்ளை, சிவப்பு முனைகளைத் தனியாகச் செருக வேண்டும்; மஞ்சளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஊசிகள் மெல்லியவை, எளிதில் வளையும். திசை பார்த்து, வலிய அழுத்தாமல் செருகுங்கள்.

காம்போனென்ட்டின் இடம் டி.வி.டி. டி.வி.டி. தட்டில் வெளிச்சமும் வண்ணத்தின் இரு கூறுகளும் பிறந்ததிலிருந்தே தனித்தனி. வண்ணத்துக்கு அதில் ஏறத்தாழ 2.75 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. அதைக் காம்போசிட்டாகவோ எஸ்-வீடியோவாகவோ மாற்றியதும் துணை அலைக்குள் அடைபட்டு 1.3 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கும். வண்ண நுணுக்கத்தில் பாதிக்குமேல் போய்விடும். பிளேயரின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு சாக்கெட்டுகள் இருந்தும் மஞ்சளில் பார்த்துப் பழகிய வீடுகள் எத்தனையோ. பழைய டி.வி.யில் டி.வி.டி. பார்க்கிறவர் மூன்று நிற வயருக்கு மாறினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனி வயர் வாங்க மனமில்லையென்றால், கையிலுள்ள மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரையே மூன்று சாக்கெட்டிலும் மாற்றிச் செருகலாம். முனையின் நிறம் வெறும் அடையாளம். உள்ளே ஓடும் செம்புக்கு நிறம் தெரியாது. ஒலிக்கு இன்னொரு வயர் தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் நோக்கம் கணினியில் ஏற்றுவது என்றால் டி.வி.டி.க்கு வயரே வேண்டாம்; தட்டைக் கணினியில் போட்டு நேராக நகலெடுக்க வேண்டும். மினி-டி.வி. (MiniDV), டிஜிட்டல்-8 கேசட்டுகளுக்கும் அதே நீதி: டேப்பில் இருப்பது எண்கள், அவற்றை ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக எண்களாகவே எடுக்க வேண்டும். மஞ்சள் சாக்கெட் அந்தக் கேமராவிலும் இருக்கும்; ஃபயர்வயருக்கு வழி இருக்கும்வரை அதன் பக்கம் போகாதீர்கள்.

வயரின் விலையைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். வகை சரியாக இருந்தாலும் உள்ளே நல்ல செம்பு, சரியான 75 ஓம், தடித்த ஷீல்டு வேண்டாமா என்று கேட்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. வீடியோ வயர் 75 ஓமுக்கு இருக்க வேண்டும் என்பதே விதி. பொருந்தாவிட்டால் சிக்னலின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி, படத்துக்குப் பக்கத்தில் நிழலாக விழும். எவ்வளவு தள்ளி விழும் என்பதுதான் கேள்வி. இத்தகைய வயரில் சிக்னல் நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் போகிறது. இரண்டு மீட்டர் வயரில் போய்த் திரும்ப 20 நானோவினாடி. அரை மீட்டர் அகலத் திரையில் ஒரு கோடு 52 மைக்ரோவினாடியில் வரையப்படுகிறது என்றால், நிழல் விழுவது 0.2 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில். வி.ஹெச்.எஸ். அந்தத் திரையில் காட்டக்கூடிய மிகச் சிறிய புள்ளியே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். புள்ளிக்குள்ளேயே நிழல் அடங்கிவிடுகிறது. சிக்னல் தேய்மானமும் அப்படித்தான்: ஆர்.ஜி. 59 வகை வயரில் 5 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு இழப்பு 2 முதல் 3 டெசிபல். இரண்டு மீட்டருக்கு அது அரை சதவீதம் அளவு. பொன்முலாம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதும் பாதிக் கதைதான். செம்பும் வெள்ளியும் பொன்னைவிட நன்றாகக் கடத்துகின்றன. பொன்னின் பெருமை துருப்பிடிக்காமல் இருப்பது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்துப்போகும், அங்கே அது பயன்படும். வேறிடங்களில் முனையை நாலு முறை செருகி உருவினாலே போதுமான அளவு சுத்தமாகிவிடும்.

அதற்காக எந்த மட்டமான வயரும் போதும் என்று சொல்லவில்லை. வயரின் தரம் பேசத் தொடங்கும் இடங்கள் சில உண்டு. நீளம் முதலாவது. முப்பது மீட்டர் இழுத்தால் மேலே சொன்ன நிழல் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தள்ளி விழும், கண்ணில் குத்தும். அப்படி இழுக்க வேண்டியிருந்தால் கண்காணிப்புக் கேமரா போடுபவர்களிடம் முழுச் செம்பு நடுக்கம்பி கொண்ட கோஆக்சியல் வயராகக் கேளுங்கள். கேபிள் டி.வி. வயர் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் பலவற்றில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு. டி.வி. சேனலின் உயர்ந்த அலைவரிசை கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடுவதால் அங்கே அது போதும். வீடியோ சிக்னலின் தாழ்ந்த பகுதிக்குக் கம்பி முழுவதும் வேண்டும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, காம்போனென்ட்டில் 720, 1080 கோட்டுப் படம் அனுப்புவது. 1080-க்கு 30 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், அங்கே 75 ஓம் வயர் தேவைதான். மூன்றாவது, ஷீல்டு. மிக மலிவான வயர்களில் ஷீல்டு என்பது நடுக்கம்பியைச் சுற்றிய நாலைந்து இழை மட்டுமே. பக்கத்து வயரிலிருந்து ஒலியும் இரைச்சலும் படத்துக்குள் கசியும்.

ஷீல்டு என்றதும் இன்னொரு தொல்லை நினைவுக்கு வர வேண்டும். திரையில் மங்கலான ஒரு பட்டை மெல்ல மேலேயோ கீழேயோ நகர்ந்துகொண்டே இருந்தால் பலரும் வயரைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த். டெக் ஒரு பிளக்கிலும் கணினி வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால் வயரின் ஷீல்டு வழியே 50 ஹெர்ட்ஸ் ஓடும். பால் படமும் நொடிக்கு 50 முறை வரையப்படுவதால் பட்டை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்று மெதுவாக நகரும். இரண்டையும் ஒரே பவர் போர்டில் செருகுங்கள். டெக்கில் கேபிள் டி.வி. வயர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் வித்தையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பட்டை போகும், கூடவே உயிரும் போகலாம்.

இவ்வளவு யோசனை எதற்கு, மஞ்சளை ஹெச்.டி.எம்.ஐ. ஆக்கும் சின்னப் பெட்டி கிடைக்கிறதே, அதை வாங்கிவிட்டால் அனலாக் வம்பே இல்லையே என்பது இன்றைய எதிர்வாதம். டி.வி.யில் ஒருமுறை பார்த்துவிட்டு வைப்பதற்கு அது போதும். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு மஞ்சள் வயர் இருக்கத்தான் போகிறது. கலப்பைப் பிரிக்கும் வேலையும் அந்தப் பெட்டிக்குள், மலிவான சில்லு ஒன்றில் நடக்கப்போகிறது. பெட்டியின் மேல் 1080 என்று எழுதியிருப்பது 576 கோட்டை இழுத்து நீட்டியதைத்தான் குறிக்கும். பல பெட்டிகள் நொடிக்கு 50 என்பதை 60 ஆக்கி அசைவுகளைத் திக்கித் திணற வைக்கும்; நாலுக்கு மூன்று என்ற பழைய சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்து மணமக்களைக் குட்டையும் குண்டுமாக ஆக்கும். பாதுகாத்து வைக்க வேண்டிய பதிவுக்கு இது வேண்டாம். டெக்கிலிருந்து நேரே யு.எஸ்.பி. கேப்ச்சர் கருவி, அதில் பால் முறை, 720-க்கு 576, நொடிக்கு 25 சட்டகம். மாற்றம் ஒரே ஒரு முறை.

ஐரோப்பாவிலிருந்து வந்த டெக்குகளில், பாரிஸிலும் சூரிச்சிலும் உள்ள நம் உறவினர் வீடுகளில் இருப்பவற்றிலும், மஞ்சள் சாக்கெட்டுக்குப் பதில் ஸ்கார்ட் மட்டும் இருக்கலாம். 21 முனையைப் பார்த்து ஆர்.ஜி.பி. வருகிறது என்று மகிழ வேண்டாம், வி.ஹெச்.எஸ். டெக் அந்த முனைகளில் அனுப்புவது வழக்கமாக அதே காம்போசிட்தான். ஸ்கார்ட்டை மஞ்சள்-வெள்ளை-சிவப்பாக்கும் அடாப்டர் போதும். அதிலுள்ள சின்ன சுவிட்ச் வெளியீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். டொரோண்டோவிலிருந்து வந்த கேசட் கறுப்பு வெள்ளையாக உருளுகிறது என்றால் அது என்.டி.எஸ்.சி. பதிவு. அதற்கு வேண்டியது இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக். வயரை எத்தனை முறை மாற்றினாலும் வண்ணம் வராது.

செருகிய பிறகு படம் கோணலாக வந்தால் வயரைத் தூக்கி எறியும் முன் அறிகுறியைப் படியுங்கள். எஸ்-வீடியோவில் படம் தெளிவாக, ஆனால் கறுப்பு வெள்ளையாக வந்தால் வண்ண ஊசி வளைந்திருக்கிறது அல்லது மென்பொருளில் காம்போசிட் என்று தேர்வாகியிருக்கிறது. காம்போனென்ட்டில் முகங்கள் நீலம் பாரித்துத் தெரிந்தால் நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. படமே வரவில்லை, ஒலி மட்டும் வருகிறது என்றால் பச்சையைப் பாருங்கள். பிற்கால டி.வி.கள் பலவற்றில் மஞ்சளும் பச்சையும் ஒரே சாக்கெட்டைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே மெனுவில் எது என்று சொல்ல வேண்டியிருக்கும். கேமராவின் ஹெட்போன் போன்ற சின்ன ஜாக்கிலிருந்து மூன்று முனையாகப் பிரியும் வயரில் மஞ்சளில் படம் வராமல் உறுமல் மட்டும் வந்தால், சிவப்பு முனையை மஞ்சள் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். அந்த ஜாக்கின் வளையங்களை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வரிசையில் இணைத்திருக்கிறார்கள். படம் பல நேரம் சிவப்பில் ஒளிந்திருக்கும்.

கடைக்குக் கிளம்பும் முன் கேசட்டின் முத்திரையைப் பாருங்கள், பிறகு டெக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹை-8 அல்லது எஸ்-வி.ஹெச்.எஸ். என்றால் எஸ்-வீடியோ வயர், இரண்டு மீட்டருக்குள். சாதாரண வி.ஹெச்.எஸ்., மஞ்சள் சாக்கெட் மட்டும் என்றால், ஷீல்டு ஓரளவு தடித்த சாதாரண ஏ.வி. வயர். மிச்சமாகும் பணத்தில் டெக்கின் ஹெட்டைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பத்து வருடம் பரணில் கிடந்த டெக்கில் கேசட்டைப் போடும் முன் அதைக் கட்டாயம் செய்தாக வேண்டும்.